பதனிட்ட திசுவின் ஆயுள்: உயிர்த்திசு இதய வால்வுகளின் வரலாற்றில் ஒரு கேள்வி

மனித இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். ஒவ்வொரு துடிப்பிலும் பெருந்தமனி வால்வின் மூன்று இதழ்களும் ஒருமுறை விரிந்து ஒருமுறை கூடுகின்றன. ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத அந்த இதழ்கள் எழுபது எண்பது ஆண்டுகள் இந்த வேலையைச் செய்வதற்குக் காரணம், அவற்றுள் உயிரணுக்கள் இருப்பதுதான். தேய்ந்த இழையை அகற்றிப் புதிய இழையை நெய்து தரும் அணுக்கள் அவை. இறந்த பன்றியின் வால்வையோ மாட்டின் இதயவுறையையோ வெட்டித் தைத்து மனித இதயத்தில் பொருத்தும்போது, வடிவம் கிடைக்கிறது, நெகிழ்வு கிடைக்கிறது. பழுதுபார்க்கும் அணுக்கள் கிடைப்பதில்லை. அப்படியானால் அது எத்தனை காலம் உழைக்கும்? அறுபது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் இக்கேள்விக்கு ஐந்தாண்டு என்றும் விடை உண்டு, இருபதாண்டு என்றும் விடை உண்டு. இரண்டும் மெய்யே. ஒரே பொருளுக்கு இருவேறு ஆயுள் எப்படி வாய்த்தது என்பதற்கான விளக்கம், திசுவில் பாதியும் அது பொருத்தப்பட்ட உடலில் பாதியுமாகக் கிடக்கிறது. வரலாற்றில் முதற்பாதி விரிவாக எழுதப்பட்டிருக்கிறது; இரண்டாவது பாதி பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது.

விலங்குத் திசுவை நாடியதற்கு நீடித்த உழைப்பு ஒருபோதும் காரணமாக இருந்ததில்லை என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். உழைப்பு என்று பார்த்தால் உலோகமும் பிளாஸ்டிக்கும் முன்னரே வென்றிருந்தன. 1952-இல் சார்லஸ் ஹஃப்நாகெல் ஒரு பந்து வால்வை நோயாளியின் கீழிறங்கு பெருந்தமனியில் பொருத்தினார். 1960-இல் ட்வைட் ஹார்க்கன் பெருந்தமனி வால்வின் இடத்திலும், ஆல்பர்ட் ஸ்டார் மைட்ரல் வால்வின் இடத்திலும் கூண்டுப்பந்து வால்வுகளை வைத்தனர். ஸ்டாருக்கு அதை வடிவமைத்துத் தந்தவர் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர். ஸ்டார்–எட்வர்ட்ஸ் வால்வுகள் பல பத்தாண்டுகள் தேயாமல் உழைத்தன. ஆனால் அந்நியப் பரப்பில் குருதி உறைந்தது. உறைகட்டி மூளைக்குப் பயணப்பட்டது. அதைத் தடுக்க வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் போன்ற உறைவெதிர்ப்பு மருந்து தேவைப்பட்டது. அம்மருந்தே வேறொரு நாளில் குருதிக் கசிவாக வெளிப்பட்டது. குருதியோடு பகைக்காத ஒரு பரப்பு வேண்டும் என்ற தேடலே அறுவை மருத்துவர்களைத் திசுவின் பக்கம் திருப்பியது. அதற்குக் கொடுக்கப்பட்ட விலைதான் ஆயுள்.

முதலில் நாடப்பட்டது மனிதத் திசு. டொரோன்டோவில் கோர்டன் மரே 1950-களின் நடுவில் இறந்தவரின் வால்வை உயிருள்ளவரின் கீழிறங்கு பெருந்தமனியில் பொருத்தினார். 1962-இல் லண்டனில் டொனால்ட் ராஸும், சில வாரங்களில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிரையன் பேரட்-பாய்ஸும், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமலேயே, கொடை வால்வை அதற்குரிய இடத்திலேயே தைத்தனர். கொடை வால்வைக் கிருமி நீக்கிச் சேமித்து வைக்க வேண்டியிருந்தது. வேதிப்பொருளில் ஊறவைத்தார்கள்; கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார்கள்; உறைய வைத்து உலர்த்தினார்கள். இவ்வாறு பாடம் செய்யப்பட்ட வால்வுகளின் இதழ்கள் சில ஆண்டுகளில் கிழியத் தொடங்கின. திசு யாருடையது என்பதைவிட, எடுத்த நாளுக்கும் தைத்த நாளுக்கும் இடையே அதற்கு என்ன செய்யப்பட்டது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது இத்தோல்விகளிலிருந்து கிடைத்த முதல் பாடம். ராஸ் 1967-இல் நோயாளியின் சொந்த நுரையீரல்தமனி வால்வையே எடுத்துப் பெருந்தமனி இடத்தில் வைத்ததும் இந்தப் பாடத்தின் தொடர்ச்சியே. உயிருள்ள திசுவுக்குப் பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை அல்லவா?

கொடை வால்வுகள் தேவைக்கேற்பக் கிடைக்கவில்லை. 1965-இல் பாரிசில் ழான்-போல் பினேயும் அலேன் கார்பாந்தியேயும் பன்றியின் பெருந்தமனி வால்வைப் பாதரச உப்புக் கரைசலில் பதப்படுத்தி மனிதரில் பொருத்தினர். உடனடி விளைவு நன்று. ஆனால் மாதங்கள் செல்லச்செல்ல இதழ்களில் அழற்சியணுக்கள் புகுந்தன. கொலாஜன் இழைகள் சிதைந்தன. வால்வு ஒழுகத் தொடங்கியது. இந்த இடத்தில் கார்பாந்தியே செய்த ஒன்று, அறுவை மருத்துவ வரலாற்றில் அரிதானது. கத்தியின் நுட்பத்தில் விடை இல்லை என்று உணர்ந்து வேதியியல் கற்கப் போனார். அத்துறையில் முனைவர் பட்டமும் பெற்றார். அவர் கேள்வி எளியது: விலங்குப் புரதத்தை மனித உடல் அடையாளம் காணாதவாறும், கொலாஜன் கரையாதவாறும் செய்ய என்ன வழி?

விடை குளூட்டரால்டிஹைடு. அது மருத்துவத்துக்கு அன்றே அறிமுகமான பொருள்தான். மின்னணு நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகத் திசுவை நிலைப்படுத்த 1963 முதல் ஆய்வகங்கள் அதைப் பயன்படுத்தின. அதற்கும் முன்பே தோல் பதனிடுவோர் அறிந்திருந்தனர். ஃபார்மால்டிஹைடு மூலக்கூறுக்கு ஒரு கை. அது பற்றிய பிடி காலப்போக்கில் நழுவும். குளூட்டரால்டிஹைடுக்கு இரண்டு கைகள். ஒரு கொலாஜன் இழையை ஒரு கையாலும் பக்கத்து இழையை மறு கையாலும் பற்றிக் குறுக்கே பூட்டிவிடும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலை அழுகாப் பொருளாக்கிய பழந்தொழிலின் வேதியியல் வேறு. ஆனால் நோக்கம் இதுவே. மிகைப்படுத்தாமல் சொன்னால், உயிர்த்திசு வால்வு என்பது நுட்பமாகப் பதனிடப்பட்ட ஒரு துண்டுத் தோல்தான். 1968-இல் கார்பாந்தியே இவ்வாறு பதனிட்ட பன்றி வால்வைச் சட்டகத்தில் ஏற்றிப் பொருத்தினார். ஒட்டு என்ற சொல்லை அவர் விலக்கினார். ஒட்டு என்றால் உயிரோடு இணைந்து வளர வேண்டும். இதுவோ உயிரற்றது; உயிரியிலிருந்து பெறப்பட்ட செயற்கையுறுப்பு. ‘பயோபிராஸ்தெசிஸ்’ என்ற சொல் அவ்வாறு வந்தது. பெயரிலேயே ஒரு நேர்மை இருந்தது. பிற்கால விளம்பரங்கள் முதற்பாதியை மட்டும் உரத்துச் சொல்லின.

1970-களின் தொடக்கத்தில் வாரன் ஹான்காக்கின் நிறுவனம் பன்றி வால்வுகளைத் தொழில்முறையில் தயாரித்து விற்கத் தொடங்கியது. அப்பத்தாண்டின் நடுவில் கார்பாந்தியே–எட்வர்ட்ஸ் வால்வு வந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மரியன் அயோனெஸ்கு வேறொரு வழி கண்டார். முதலில் நோயாளியின் தொடைத் தசையுறையை வெட்டி இதழ்களாகத் தைத்துப் பார்த்து, அது சுருங்கித் தடித்துப் போனதும் கைவிட்டு, 1971-இல் மாட்டின் இதயவுறைக்கு மாறினார். பன்றி வால்வு பிறவியிலேயே வால்வு. அதன் அளவும் குறையும் பன்றியினுடையவை. இதயவுறையோ ஒரு துணி. தையற்காரர் விரும்பிய வடிவில் வெட்டலாம். 1976 முதல் அயோனெஸ்கு–ஷைலி வால்வு சந்தைக்கு வந்தது. குருதியோட்டத்துக்கு அது தந்த இடம் பன்றி வால்வைவிடத் தாராளமானது. சில ஆண்டுகளில் இதழ்கள் கிழிந்தன. கிழிந்த இடம் பெரும்பாலும் ஒன்றே: இதழைத் தூணோடு பிணைத்த தையலின் அருகிலும், இதழ் சட்டகத் துணியில் உரசிய விளிம்பிலும். பொருள் அதன் இயல்பால் தோற்கவில்லை, தையலால் தோற்றது. 1980-களின் இறுதியில் அது சந்தையை விட்டு நீங்கியது. அந்தத் தையலைத் தவிர்த்து, நெகிழும் கம்பிச் சட்டகத்தின் உட்புறத்தில் இதழ்களை ஏற்றிய கார்பாந்தியே–எட்வர்ட்ஸ் பெரிமவுண்ட் அதே மாட்டு இதயவுறையைக் கொண்டு பிற்காலத்தில் எல்லோரும் ஒப்பிடும் அளவுகோலாக நின்றது.

இயந்திரப் பழுதைச் சோதனைச் சாலையில் முன்கூட்டியே பிடிக்க முடியும். வேகப்படுத்திய தேய்வுப் பொறியில் திரவத்தை ஓட்டி, நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை வால்வைத் திறந்து மூடிப் பார்க்கிறார்கள். இன்றைய சர்வதேசத் தரநிலை திசு வால்வுகளுக்கு 20 கோடிச் சுழற்சிகளைக் கேட்கிறது. ஐந்தாண்டுத் துடிப்புக்குச் சற்று மேல். கடினமான இயந்திர வால்வுகளுக்கு 40 கோடி. ஆனால் அந்தப் பொறிக்குள் ஓடுவது குருதி அன்று. திசு வால்வின் தலையாய எதிரி அந்தப் பொறிக்குள் நுழைவதே இல்லை.

அந்த எதிரி சுண்ணாம்பு. 1970-களின் பிற்பகுதியில் குழந்தைகளிடம் பொருத்திய பன்றி வால்வுகள் நான்கைந்து ஆண்டுகளிலேயே, சிலரிடம் அதற்கும் முன்னரே, கல்லாய் இறுகித் திறக்க மறுத்தன. அகற்றப்பட்ட இதழ்களில் எலும்பின் கனிமமான கால்சியம் பாஸ்பேட் படிந்திருந்தது. ராபர்ட் லெவி, ஃபிரெடெரிக் ஷோன் ஆகியோரின் ஆய்வுகள் 1980-களில் இதன் வழிமுறையைத் தெளிவாக்கின. உயிருள்ள அணு தன்னுள் புகும் கால்சியத்தை இடைவிடாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது. குளூட்டரால்டிஹைடு அந்த அணுவைக் கொன்று, கொன்ற நிலையிலேயே பூட்டி வைக்கிறது. இறைப்பான் நின்றுவிட்டது, சவ்வின் பாஸ்போலிப்பிடுகள் அப்படியே உள்ளன. வெளியிலிருந்து வரும் கால்சியம் அந்தப் பாஸ்பரஸோடு சேர்ந்து முதற்படிகம் உருவாகிறது. பிறகு கொலாஜன் இழைகளில் பரவுகிறது. திசுவில் எஞ்சியிருக்கும் ஆல்டிஹைடு முனைகளும் இதற்குத் துணைபோகின்றன. அழுகலிலிருந்து காத்த அதே மருந்து, கல்லாவதற்கும் வழி திறந்துவிட்டது. இந்த முரணிலிருந்து இத்துறை இன்றுவரை முழுமையாக விடுபடவில்லை.

இந்த ஆய்வுகளில் பயன்பட்ட விலங்குகள் கவனத்துக்குரியவை. பதனிட்ட திசுவை, பால்குடி மறந்த சின்னஞ்சிறு எலிகளின் தோலடியில் வைத்தால் சில வாரங்களில் சுண்ணமேறுகிறது. வளர்ந்த எலியில் அவ்வளவு விரைவாக நிகழ்வதில்லை. ஒவ்வொரு புதிய வால்வும் மனிதரை எட்டுமுன் இளம் ஆடுகளின் மைட்ரல் இடத்தில் சோதிக்கப்படுகிறது. முதிர்ந்த ஆடுகளை எடுத்தால் சில மாதங்களில் எதுவும் தெரியாது. எலும்பு வளரும் உடலில் கால்சியமும் பாஸ்பேட்டும் கைமாறும் வேகம் அதிகம். நோயெதிர்ப்பும் கூர்மையாக இருக்கிறது. இளமைதான் இத்திசுவுக்கு மிகக் கடுமையான சோதனை என்பது ஆய்வகங்களின் அன்றாட நடைமுறையிலேயே பதிந்துகிடந்த அறிவு.

ஆனால் வால்வின் ஆயுள் என்று நூல்களில் ஏறிய எண்கள் முதியவர்களிடமிருந்து வந்தவை. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1977-க்கும் 1982-க்கும் இடையே 575 ஆண்கள், ஹான்காக் பன்றி வால்வுக்கும் பியோர்க்–ஷைலி இயந்திர வால்வுக்குமாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். பதினைந்தாண்டு முடிவுகள் 2000-இல் வெளிவந்தன. பெருந்தமனி இடத்தில் 65 வயதுக்குக் குறைந்தோரிடம் திசு வால்வு பழுதானது 26 விழுக்காடு. மைட்ரல் இடத்தில் 44 விழுக்காடு. 65-ஐக் கடந்தோரிடம் பெருந்தமனி வால்வுப் பழுது 9 விழுக்காடுதான். மைட்ரல் வால்வு மூடியிருக்கும்போது இடக்கீழறையின் முழு அழுத்தத்தையும் தாங்குகிறது. பெருந்தமனி வால்வு மூடிய நிலையில் தாங்குவது அதைவிடக் குறைவு. ஆகவே வயதும் இடமும் சேர்ந்து ஆயுளை மாற்றுகின்றன. இத்தனைக்கும் இந்த ஆய்வில் இளையோர் எனக் கொள்ளப்பட்டவர்களில் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டியவர்கள்.

இங்கே ஒரு கணக்கியல் நுட்பமும் உண்டு. பிரான்சின் தூர் நகரில் பெரிமவுண்ட் வால்வு பொருத்தப்பட்ட 2,659 பேரைத் தொடர்ந்து கண்காணித்து 2015-இல் வெளியான ஆய்வு, பெருந்தமனி இடத்தில் வால்வின் எதிர்பார்க்கத்தக்க ஆயுள் 19.7 ஆண்டு என்றது. சிறந்த ஆய்வு, சிறந்த வால்வு. ஆனால் பொருத்தப்பட்டவர்களின் சராசரி வயது எழுபதை ஒட்டியது. இருபதாம் ஆண்டில் உயிரோடிருந்து தம் வால்வைப் பரிசோதனைக்குக் காட்டியவர்கள் சிலரே. நோயாளி முந்திக்கொண்டால் வால்வு பழுதாவதற்கு வாய்ப்பே இல்லை. மேலும் பல ஆய்வுகளில் பழுது என்பதன் வரையறை மறு அறுவை. மறு அறுவையைத் தாங்க முடியாதென்று விடப்பட்டவர், ஊரிலேயே மூச்சிரைத்து இறந்தவர், இரண்டாம் முறை செலவழிக்க வழியில்லாதவர் ஆகிய அனைவரும் வால்வின் கணக்கில் வெற்றிகளாகவே நிற்பார்கள். எதிரொலி வரைவில் தெரியும் மாற்றங்களைக் கொண்டு பழுதை வரையறுக்க ஐரோப்பிய இதயநோய் அமைப்புகள் பொது உடன்பாடு கண்டது 2017-இல்தான். முதல் பன்றி வால்வுக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்.

இந்தியாவின் நோயாளி வேறொருவர். 1963-இல் சுஜய் ராயும் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் அவருடைய சகாக்களும் ‘லான்செட்’ இதழில் இந்தியாவின் இளம்பருவ மைட்ரல் குறுக்கத்தைப் பற்றி எழுதினர். மேலைநாட்டுப் பாடநூல்கள் நடுவயது நோய் என்று விவரித்ததை இங்கே இருபது வயதுக்கு உட்பட்டவர்கள் முற்றிய நிலையில் சுமந்து வந்தனர். தொண்டைப்புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல், நெரிசலான குடியிருப்பும் சிகிச்சையின்மையும் சேர்ந்து வளர்க்கும் நோய். அது முதலில் தாக்குவது மைட்ரல் வால்வை. ஆக, திசு வால்வுக்கு மிகப் பகையான மூன்று நிலைமைகள், அதாவது இளமை, மைட்ரல் இடம், தொடர் கண்காணிப்பின்மை ஆகியவை, இங்கே ஒரே உடலில் கூடின. ஆய்வகத்தின் இளம் ஆட்டுக்கு நெருக்கமான மனிதர் இவர்தான்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் கழகத்தில் எம். எஸ். வலியத்தானின் குழு உள்நாட்டு வால்வை உருவாக்க முனைந்தபோது திசுவை விட்டுச் சாயும் தட்டுடைய இயந்திர வால்வைத் தேர்ந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் ஆயுளே சிக்கலாயிற்று. முதல் மூன்று வடிவங்களும் தேய்வாலும் உடைவாலும் கைவிடப்பட்டன. நீலக்கல் தட்டுகூட நிற்கவில்லை. மிகுமூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் தட்டுடைய நான்காவது வடிவம் 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையின் டிடிகே குழுமம் தயாரிப்பை ஏற்றது. இன்று 1 லட்சத்துக்கும் மேற்பட்ட சித்ரா வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. உலோகமானாலும் உறுதி தானாக வருவதில்லை என்பதற்கு அதே காலத்துப் பியோர்க்–ஷைலி குவிகுழி வால்வு சாட்சி. அதன் தாங்குகம்பிகள் முறிந்து உயிர்களைக் கொண்டுபோனதால் 1986-இல் விலக்கப்பட்டது.

இயந்திர வால்வு வார்ஃபரினைக் கேட்கும். வார்ஃபரின் மாதந்தோறும் குருதிப் பரிசோதனையைக் கேட்கும். மாற்று மருந்துகள் இதுவரை கைகொடுக்கவில்லை: டாபிகட்ரானை இயந்திர வால்வுகளில் சோதித்த ஆய்வு, உறைகட்டியும் குருதிக் கசிவும் மிகுந்ததால் இடையிலேயே நிறுத்தப்பட்டு 2013-இல் முடிவு வெளியானது. மகப்பேற்றை எதிர்நோக்கும் இளம்பெண்ணுக்கு இது இன்னும் கடினம். வார்ஃபரின் கருவை ஊறுபடுத்தும், அதை நிறுத்தினால் வால்வு அடைபடும். ஆகவே அவருக்குத் திசு வால்வு பரிந்துரைக்கப்படுகிறது. மருத்துவ அறிவின்படி அது சரியான பரிந்துரையே. ஆனால் பொருத்தும் நாளிலேயே இரண்டாம் அறுவைக்கும் நாள் குறிக்கப்படுகிறது என்பதை ஒப்புதல் படிவம் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது? திசு பன்றியுடையதா மாட்டினுடையதா என்பது சமயம் சார்ந்த கேள்வியாக எழுவதுண்டு. எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு அதே அளவு நேரம் ஒதுக்கப்பட வேண்டும்.

சுண்ணமேற்றத்தைத் தடுக்கும் முயற்சிகள் ஓயவில்லை. பாஸ்போலிப்பிடுகளைக் கரைத்தெடுக்கும் மதுசாரக் கழுவல்கள், எஞ்சிய ஆல்டிஹைடு முனைகளை மூடும் முறைகள், திரவத்துக்குப் பதில் கிளிசரால் ஏற்றி உலர்நிலையில் சேமிப்பது எனப் பல வந்தன. பன்றியும் மாடும் தம் அணுப்பரப்பில் சுமக்கும் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரைக்கு எதிரணுக்கள் மனிதர் அனைவரிடமும் உண்டு. குளூட்டரால்டிஹைடு அதை முழுதும் மறைப்பதில்லை என்று தெரிந்தபின் அச்சர்க்கரையற்ற மரபணு மாற்றப் பன்றிகளின் திசுவும் ஆராயப்படுகிறது. புதிய முறைகளின் தொடக்க முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. அவற்றில் பங்கேற்றோரின் சராசரி வயதும் அறுபதுக்கு மேல்தான்.

2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் அலேன் கிரிபியே, மடித்த வால்வை நாளத்தின் வழியே செலுத்திப் பெருந்தமனி இடத்தில் விரித்தார். இதழ்கள் அப்போதும் மாட்டின் இதயவுறைதான். குஜராத்தின் வாப்பியில் தயாராகும் மைவால் வரை அந்தப் பொருள் மாறவில்லை. நாளவழி வால்வின் வருகையோடு ஆயுள் குறித்த கவலை சற்றுத் தணிந்தது: பழுதான திசு வால்வுக்குள் இன்னொன்றைச் செருகிவிடலாம் என்ற விடை கிடைத்ததல்லவா? எழுபத்தைந்து வயதினருக்கு அது போதுமான விடை. கார்பாந்தியேயோ 1970-கள் முதலே தன் ஆற்றலில் பெரும்பகுதியை நோயாளியின் சொந்த மைட்ரல் வால்வைச் செப்பனிடுவதில் செலவிட்டார்; தான் பெயரிட்ட உறுப்பைப் பொருத்தாமல் தவிர்க்கும் கலை அது. ருமாட்டிக் வால்வுகளைச் செப்பனிடுவது மற்றவற்றைவிடக் கடினம். இந்தியாவில் அதைத் தொடர்ந்து செய்துவரும் அறுவையரங்குகள் உண்டு.

இருபத்தைந்து வயதுப் பெண்ணின் கணக்கு இப்படி ஓடுகிறது. முதல் அறுவையில் 25 மில்லிமீட்டர் வளையமுள்ள திசு வால்வு. முப்பத்தைந்தை ஒட்டி அது இறுகும்போது நாளவழியே உள்ளே ஒன்று. திறப்பின் விட்டம் குறைகிறது. நாற்பத்தைந்தில் அதற்குள் மூன்றாவது, இன்னும் குறைகிறது. வளையம் விரியாது. நான்காவதற்கு இடமில்லாதபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.